அடித்த வரியும் படிக்கத் தெரிய வேண்டும்

"நீ எழுதலேன்னா யாருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?"

இப்படிக் கேட்டவர் என் கணவரின் அக்கா. கேட்டு ஐந்து வாரம் ஆகிறது. மகளுக்குச் சாக்ஸ் மாட்டும்போதும், குக்கர் விசிலை எண்ணும்போதும் இதற்குப் பதில் தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. யாருக்கும் எதுவும் குறையாது என்பதுதான் உண்மையான பதிலோ என்ற பயமும் உள்ளே இருக்கிறது. இருந்தாலும் இந்த வியாழக்கிழமையும் எழுதுகிறேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக என்னைப் பற்றிக் கொஞ்சம். புதுப்பட்டினத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவர் அணுபுரம் குடியிருப்பில் மின்பராமரிப்பு மேற்பார்வையாளர். மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். பள்ளி விட்டதும் கீழ் வீட்டு அக்கா அவளை அழைத்து வந்து, நான் வரும்வரை வைத்துக்கொள்வார். எனக்கு ஆலத்தூர்ப் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில், தரப் பிரிவில் வேலை.

காலையில் கம்பெனி வேன் ஏழு ஐம்பதுக்கு வரும். அங்கிருந்து ஆலத்தூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம். ஒரு நாளில் யாரும் என்னை அம்மா என்றோ மேடம் என்றோ கூப்பிடாத நேரம் அது ஒன்றுதான். இடது பக்கம் மூன்றாவது ஜன்னல் சீட் என்னுடையது. எங்கள் வேனில் சீட்டுகளுக்குப் பெயர் எழுதவில்லை, அவ்வளவுதான். யார் எங்கே என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சீட்டில் உட்கார்ந்து, செல்போனில், வலது கட்டைவிரலால் மட்டும் எழுதுவேன். இடது கை லஞ்ச் பையைப் பிடித்திருக்கும்.

பூஞ்சேரி கூட்டுரோடு தாண்டும்போது முடிக்கும் வரிக்கு வந்திருக்க வேண்டும். ஏனென்றால் கம்பெனி கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். மாலை ஐந்தரைக்குத்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே வியாழக்கிழமை காலை எட்டு நாற்பதுக்குள் வெளியிட்டால் உண்டு. இல்லையென்றால் அந்த வாரம் போச்சு. வெளியிட்ட பிறகு யார் என்ன சொன்னார்கள் என்று ஒன்பது மணி நேரம் எனக்குத் தெரியாது. ஆரம்பத்தில் அது பெரிய நிம்மதியாக இருந்தது.

ஏன் எழுத ஆரம்பித்தேன் என்று கேட்டால், வேலையில் நாள் முழுக்க எழுதுகிறேன் என்பதால்தான். வெள்ளை நிறத் தூள், கட்டியில்லை, வாசனையில்லை, தேர்ச்சி. இப்படி ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் போகும். அதில் ஒரு வாக்கியம்கூட நான் யோசித்து எழுதியதில்லை. மகளுக்கு மூன்று வயது தாண்டியிருந்தபோது ஒரு நாள் கடைச் சாமான் சீட்டில் "பருப்பு, புளி" என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே "இன்று அவள் நிழலை மிதிக்கப் பயந்தாள்" என்று எழுதினேன். மளிகைக்கடைக்காரர் அதையும் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். அதற்கப்புறம்தான் தனியாக ஒரு வலைப்பக்கம் தொடங்கினேன். வாரம் ஒன்று எழுதுவதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வாரம் ஒன்று என்பது முதல் மூன்று மாதம் நடக்கவே இல்லை. அதற்குக் காரணம் நேரமின்மை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். பொய். காரணம், என் வேலைப் பழக்கம்.

எங்கள் இடத்தில் எந்தத் தாளாக இருந்தாலும் அடியில் மூன்று கட்டம் இருக்கும். தயாரித்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர். மூன்று கையெழுத்தும் விழாமல் அந்தத் தாள் தாளே கிடையாது. எட்டு வருடமாக இதே வேலை. வலைப்பக்கத்துக்கும் நான் என்னை அறியாமல் மூன்று கட்டம் போட்டுவிட்டேன். எழுதியதைக் கணவருக்கு அனுப்புவேன், சரிபார்க்க. அவர் பார்த்த பிறகு வேனில் எனக்குப் பின்சீட்டில் உட்காரும் சீனியர் அக்காவுக்கு அனுப்புவேன், ஒப்புதலுக்கு. தரப் பிரிவில் எங்கள் எல்லாத் தாளிலும் மூன்றாவது கட்டம் அவருடையதுதான்.

கணவர், "சாயந்திரம் பாக்கறேன்மா" என்பார். சாயந்திரம், "ஞாயித்துக்கெழம பாக்கறேன்." ஞாயிற்றுக்கிழமை, "எது? அந்த வெயில் மேட்டரா? நல்லாத்தான் கீது." எது நன்றாக இருக்கிறது என்று கேட்டால், "எல்லாந்தான்." படிக்கவில்லை என்று தெரியும். ஆனால் கையெழுத்து விழுந்துவிட்டதாக எடுத்துக்கொள்வேன். சீனியர் அக்கா உண்மையிலேயே படிப்பார். படித்துவிட்டு, "இதுல மாமியார்னு வருதே, வேணாமே. பக்கத்து வூட்டம்மான்னு மாத்திடு" என்பார். "கோபம்னு எழுதாத. வருத்தம்னு போடு." மாற்றுவேன். மாற்றி முடித்ததும் அது யாரோ எழுதியது மாதிரி இருக்கும். வெளியிட மனம் வராது. பதினொரு வரைவு எழுதி இரண்டு வெளியிட்டிருந்தேன்.

ஒரு வியாழக்கிழமை வேன் பூஞ்சேரியைத் தாண்டிக்கொண்டிருந்தது. அந்த வாரம் எழுதியது காய்ச்சலில் இருந்த மகளை விட்டுவிட்டு வேலைக்கு வந்த ஒரு நாளைப் பற்றி. பின்சீட்டில் சீனியர் அக்கா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பலாமா என்று திரும்பிப் பார்த்தேன். பிறகு, என் குழந்தையின் காய்ச்சலுக்கு இவர் எதற்கு ஒப்புதல் தர வேண்டும் என்று தோன்றியது. இதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். எரிச்சல். பொத்தானை அமுக்கிவிட்டேன். கேட்டில் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து பத்தொன்பது வாரம் விடவில்லை. சில வாரம் நான்கு பத்தி. ஒரு வாரம் வேன் பழுதாகிச் சாலையோரம் நின்றபோது நீளமாக. மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம் ஆறே வரி. ஆறு வரிக்கெல்லாம் ஒரு பதிவா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் போட்டேன். அளவைப் பார்த்துக்கொண்டிருந்தால் கிழமை போய்விடும் என்று அதற்குள் புரிந்திருந்தது.

இருபதாவது வாரம் எழுதியது காதுகுத்து.

மகளுக்கு மூன்று வயதில் திருப்போரூர் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தினோம். நாள் குறித்த பிறகு எங்கள் கம்பெனிக்கு வெளியிலிருந்து ஆய்வுக்கு வருவதாகச் செய்தி வந்தது. அதே நாள். அந்தத் தாள்களுக்கெல்லாம் 'தயாரித்தவர்' நான். காலையில் மட்டும் கம்பெனிக்குப் போய்விட்டுக் கோயிலுக்கு ஓடி வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தப்பிவிட்டது. என் தம்பி மடியில் உட்கார வைத்து நல்ல நேரத்தில் காது குத்தி முடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது மணி இரண்டு. கோயில் பக்கத்துச் சின்ன மண்டபத்தில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. மகள் சந்தனம் பூசிய தலையோடு என் தம்பி தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன. அண்ணி, அதாவது கணவரின் அக்கா, மண்டபத்தின் நடுவில் நின்று, "ஆபீசரம்மா வந்துட்டாங்கப்பா, எல்லாரும் எழுந்து நில்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார்.

இதைத்தான் எழுதினேன். கூடவே இன்னொரு வரியும்: "எனக்கென்று ஓர் இலைச் சோறுகூட யாரும் எடுத்து வைக்கவில்லை." அந்த வரியில் விரல் ஒரு நிமிடம் நின்றது. நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேன் ஆலத்தூர்த் திருப்பத்துக்கு வந்துவிட்டது. மணி எட்டு முப்பத்தெட்டு. போட்டுவிட்டேன்.

மாலை டோக்கனைக் கொடுத்துப் போனை வாங்கினால் பதினேழு தவறிய அழைப்பு. அத்தனையும் அண்ணி. மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, கேட்டிலேயே நின்று கூப்பிட்டேன்.

"இன்னா, பெரிய எழுத்தாளராயிட்டியாமே?"

"அண்ணி, பாப்பா நல்லாத்தானே கீறா?"

"பாப்பாவுக்கு இன்னா, ராணி மாதிரி கீது. என் மானந்தான் போச்சு. சோறு போடாத குடும்பம்னு ஊர் ஒலகத்துக்கே சொல்லிகினு கீறியே! என் வூட்டுக்காரரோட தங்கச்சி பொண்ணு படிச்சிக் காட்டுது, நான் அடுப்பாண்ட நின்னுகினு கேக்கறேன்."

"நீங்க அன்னிக்கி அப்பிடிச் சொன்னது..."

"சொன்னேன், சொன்னேன். வாய் இருக்கு, சொன்னேன். சோறு எடுத்து வெக்கலியா நானு? சாம்பார் சாதம், ரெண்டு வட, பாயசம், எல்லாம் எவர்சில்வர் டப்பாவுல போட்டு உன் வூட்டுக்காரன் கையில குடுத்தேனே! டப்பா கழுவித் திரும்பி வந்துது. நல்லா இருந்துது அண்ணின்னு ஒரு வார்த்த சொன்னியா? ஒரு வருஷமா நானும், சரி, படிச்ச பொண்ணு, அதெல்லாம் சொல்லாது போலன்னு வுட்டேன். இப்போ வெக்கவே இல்லன்னு எழுதறே!"

எந்த டப்பா என்று கேட்டேன். அண்ணி போனை வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "ஆமா, ஒரு டப்பா" என்றார். கார் பின்சீட்டுக்கு அடியில் வைத்தாராம். மறந்துவிட்டாராம். மறுநாள் திறந்தால் வாடை. நான் சத்தம் போடுவேன் என்று கொட்டிவிட்டு, அணுபுரத்திலேயே கழுவி, அடுத்த முறை போனபோது அக்காவிடம் கொடுத்துவிட்டாராம். ஒரு வருடம் இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

"பேஜாரு புடிச்ச வேல. அந்தப் பதிவ எடுத்துடு. முன்னாடியெல்லாம் என்னாண்ட காட்டுவல்ல? இதையும் காட்டியிருந்தா சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்களா?"

அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டாள். சத்தத்தைக் குறைத்தேன்.

தவறு என்னுடையதுதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதினேன். வேலையில் ஒரு தாளில் இப்படி எழுதியிருந்தால் விசாரணை வைத்திருப்பார்கள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று கட்டமும் சரியாகத்தான் இருந்தன, நான்தான் திமிரில் தாண்டிவிட்டேன் என்றுகூட நினைத்தேன். பதிவை எடுத்துவிடலாம், வலைப்பக்கத்தையே மூடிவிடலாம். யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை வேனில் தூங்கலாம். தூக்கம் எனக்கு எவ்வளவு தேவை என்பது எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வியாழன் வேனில் ஏறியதும் சீனியர் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மடியில் இருந்த நாஸ்தா டப்பாவை மூடிவிட்டு, "எடுத்துடும்மா. வேலைக்குப் போறவளுக்கு வூட்டுல சண்ட சச்சரவு இல்லாம இருக்கணும். ஒரு பொத்தான் அமுக்கினா போவுது" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. இதே அக்கா, எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் ஒரு பாடம் எடுப்பார். தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. வெள்ளை மை பூசக் கூடாது. தாளைக் கிழிக்கக் கூடாது. தவறின் மேல் ஒரே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதி, காரணம் எழுதி, சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். ஒருமுறை யாரோ வெள்ளை மை பூசிய தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இது திருட்டு. தப்பு பண்றது மனுசத்தனம், மறைக்கறது திருட்டு" என்று பிரிவே அதிரக் கத்தினார்.

"அக்கா, நீங்களே எடுத்துடச் சொல்றீங்களே. வெள்ள மை பூசற மாதிரி இல்லியா?"

"அது மருந்து பேட்ச் தாளு. இது வூடு."

"வூட்டுக்கு மட்டும் வெள்ள மை வெக்கலாமா?"

அவர் என்னை முறைத்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது போல. "எப்டியோ போ. ஆனா என் கையெழுத்து கேக்காத" என்றார். கேட்கவில்லை என்றேன். கேட்டு ஐந்து மாதம் ஆகிறது என்பதை அவர் அப்போதுதான் கவனித்தார் என்று நினைக்கிறேன்.

பதிவைத் திறந்தேன். இலைச் சோறு வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். கோட்டுக்குக் கீழே எழுத்து நன்றாகத் தெரிந்தது. பக்கத்தில் எழுதினேன்: "தவறான பதிவு. எனக்காகச் சோறு எடுத்து வைத்திருந்தார்கள். என் கைக்கு வந்து சேரவில்லை. விசாரிக்காமல் எழுதியது என் பிழை. அண்ணியிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." என் சுருக்கொப்பம், தேதி. 'ஆபீசரம்மா' வரியைத் தொடவில்லை. கணவர் சிரித்ததையும் தொடவில்லை. பிறகு அந்த வாரத்துக்கான பதிவையும் எழுத வேண்டியிருந்தது. நேரம் இல்லை. மகள் டிவி சத்தத்துக்குக் காதைப் பொத்தியதைப் பற்றி ஐந்து வரி எழுதினேன். எட்டு முப்பத்தொன்பது.

மாலை அண்ணியே கூப்பிட்டார்.

"கோடு போட்டுகீற. கீழ இருக்கறது பளிச்சினு தெரியுதே!"

"தெரியணும்னுதான் அண்ணி. நான் தப்பா எழுதினது எல்லாருக்கும் தெரியணும் இல்லியா?"

"கீழ கமெண்ட்டுல எவளோ, அப்போ அந்தச் சோத்த யார் துன்னாங்கன்னு கேட்டுகீறா."

"யாரும் துன்னல அண்ணி. ஊசிப் போச்சு. உங்க தம்பி கார்லியே மறந்துட்டாரு."

"அவனா? சரியான தண்டம். சின்ன வயசுல பால் வாங்க அனுப்பினா சொம்ப மறந்துட்டு வருவான்." அண்ணி சிரித்த மாதிரி இருந்தது. நானும் சிரித்தேன். அத்தோடு முடிந்திருக்கலாம். "சரி, சோத்துக்குக் கோடு போட்ட. நான் சொன்னதுக்கும் ஒரு கோடு போட்டுடு."

இந்த இடத்தில் நான் சரி என்று சொல்லியிருக்க வேண்டும் என்று என் அம்மா நினைக்கிறார். கணவரும் நினைக்கிறார். நானே பாதி நாள் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அன்று வாயில் வந்தது இதுதான்.

"அது நீங்க சொன்னது அண்ணி. அதுல தப்பு ஒண்ணும் இல்லியே. கோடு தப்புக்குத்தான்."

அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. "நீ எழுதலேன்னா யாருக்கு இன்னா கொறஞ்சிடப் போவுது?" அவர் சிறிது நேரம் காத்திருந்துவிட்டுப் போனை வைத்தார். அதன் பிறகு பேசவில்லை. குடும்ப வாட்ஸாப் குழுவில் மகளின் படம் போட்டால் மற்ற எல்லாரும் இதயம் போடுகிறார்கள். அண்ணி போடுவதில்லை.

எழுதியதால்தானே டப்பா விஷயம் வெளியே வந்தது, இல்லையென்றால் ஆளுக்கொரு மனக்குறையை வைத்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் இருந்திருப்போமே என்று பதில் சொல்லலாம். ஒரு வாரம் அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் அண்ணி, "அது தெரியாமலே நல்லாத்தானே இருந்தோம்" என்பார். நல்லாத்தான் இருந்தோமா? நான் இருக்கவில்லை. அவருக்குப் பதிலாக நான் எப்படிச் சொல்ல முடியும்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். நான் சமைக்காவிட்டால் என்ன குறையும், வேலைக்குப் போகாவிட்டால் என்ன குறையும் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. அவற்றுக்கெல்லாம் பதில் எல்லாருக்கும் தெரியும். இந்த முக்கால் மணி நேரத்துக்கு மட்டும் காரணம் கேட்கிறார்கள். காரணம் காட்டினால்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், என்னிடம் காரணம் இல்லை. இல்லாமலே வைத்துக்கொள்ளப் போகிறேன். இதை எழுதும்போது வேன் பையனூரைத் தாண்டுகிறது. அண்ணி இதையும் படிப்பார். யாராவது படித்துக் காட்டுவார்கள்.

அடுத்த வாரம் ஆடிக் கிருத்திகை. திருப்போரூரில் அண்ணி வீட்டில் எல்லாரும் கூடுவோம். இந்த முறை நான் முழு நாள் விடுப்புப் போட்டுவிட்டேன். பந்தியில் அண்ணிதான் பரிமாறுவார். என் இலைக்கு வரும்போது ஒன்றும் கேட்காமலும் போகலாம், எல்லார் முன்னாலும் அதே கேள்வியைக் கேட்கவும் செய்யலாம். எழுதுவதை நிறுத்தச் சொல்லும் யோசனை எனக்கு ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது, அது வேண்டாம். 'ஆபீசரம்மா' வரியின் மேல் கோடு போடச் சொல்வதும் வேண்டாம். வீட்டையும் வேலையையும் வைத்துக்கொண்டு, வாராவாரம் விடாமல் எழுதுகிறவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடமும் யாராவது இதைக் கேட்டிருப்பார்கள். கையில் சாம்பார் வாளியோடு நிற்கும் அண்ணியிடம், அவர் மனம் நோகாமல், நானும் பின்வாங்காமல் என்ன சொல்லட்டும்? தெரிந்தால் கீழே எழுதுங்கள். மாலை ஐந்தரைக்குப் போன் கையில் வந்ததும் முதலில் அதைத்தான் படிப்பேன்.